பழைய படங்களின் அடையாளங்கள் தொடர்ச்சிப் படங்களில் திரும்பி வந்தபோது உங்களை விட்டு அகலாத காட்சி எது?

கடைசி வரிசை எழுதியது:

2015இல் 'ஜுராசிக் வேர்ல்டு' வெளியான முதல் வாரமே பத்து வயது மகனை அழைத்துச் சென்றிருந்தேன். கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக அந்த இடத்துக்கு வருகிறேன். அண்ணனும் தம்பியும் செடிகொடி மண்டிய பழைய பார்வையாளர் மையத்துக்குள் நுழைகிறார்கள். 1993இல் முதல் படமான 'ஜுராசிக் பார்க்'கில் டி-ரெக்ஸ் டைனோசர் கர்ஜித்தபோது அதன் முன்னே மேலிருந்து அசைந்தசைந்து விழுந்ததே, அந்தப் பதாகை தரையில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூத்தவனோ அந்தத் துணியை ஓர் எலும்பில் சுற்றித் தீக்குச்சி உரசிப் பந்தம் கொளுத்திவிட்டான். என்னையறியாமல் "ஐயையோ" என்றேன். மகன் திரும்பி, "என்னப்பா, வெறும் துணிதானே?" என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இறுதியில் டி-ரெக்ஸே வந்து சண்டையிட்டதுகூட என் மனத்தில் அவ்வளவாகத் தங்கவில்லை.

இரவுக்காட்சி எழுதியது:

எனக்கு 'பிளேடு ரன்னர் 2049'. முதல் படத்து நாயகன் டெக்கார்டின் முன்னால், அவர் காதலித்து இழந்த ரேச்சலின் நகலைக் கொண்டுவந்து நிறுத்தும் காட்சியில், முகம் தெரிவதற்கு முன் அவளுடைய குதிகால் செருப்பின் ஓசைதான் கேட்கிறது. அதே சிகை, அதே அகன்ற தோள்கள். வேறொரு நடிகையின் உடலில், 1982இல் வந்த முதல் படத்தின் முகத்தைக் கணினியில் உருவாக்கிப் பொருத்தியிருந்தார்கள். டெக்கார்டு அவளை நெடுநேரம் பார்த்துவிட்டு, அவளுடைய கண்கள் பச்சை நிறம் என்று சொல்லித் திரும்பிக்கொள்கிறார். அடுத்த கணம் துப்பாக்கி வெடிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நள்ளிரவு ஒரு மணிக்குப் பழைய படத்தின் குறுந்தகட்டைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முகத்தில் கண்கள் பழுப்பு; ஆனால் மனிதரா செயற்கை மனிதரா என்று கண்டறியும் சோதனைக் கருவியின் திரையில் பெரிதாகத் தெரியும் கண்மணியோ பச்சை. அப்படியென்றால் அவர் மறந்துவிட்டாரா, அல்லது அந்த நகலை ஏற்க மனமின்றிப் பொய் சொன்னாரா? எட்டு ஆண்டுகளாகியும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

சர்க்யூட் பலகை எழுதியது:

கடைசி வரிசை அவர்களே, ஒரு துணிக்காகத் தொண்டை அடைப்பது எனக்கு மிகையாகப் படுகிறது. பழையதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூசை செய்யாமல், பிள்ளைகள் எரித்து வெளிச்சமாக்கிக்கொண்டதால்தான் அந்தக் காட்சி பிழைத்தது. என் உறுத்தல் வேறு. 'எந்திரன்' முடிவில் சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தபோது, 2010இல் எங்கள் ஊர்த் திரையரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. 2018இல் '2.0' படத்தில் அதே சிட்டியைப் பூட்டி எழுப்பியபோது நானும் சேர்ந்துதான் விசிலடித்தேன். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான், எட்டாண்டுகளுக்கு முன் அந்த அரங்கில் காத்த மௌனத்தை நானே விற்றுவிட்டதுபோல் இருந்தது.

ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளைத் தொடர்ச்சிப் படத்துக்கு அழைத்துச் செல்வதற்கு முன் முதல் படத்தை வீட்டில் போட்டுக் காட்டுங்கள். அதுவும் ஒரே வாரத்துக்குள் இரண்டையும் காட்டாதீர்கள். இடையில் சில மாதங்களாவது போகட்டும். மறந்து நினைவுக்கு வரும்போதுதான் இந்தக் காட்சிகளுக்கு உயிர். டி-ரெக்ஸ் நெருங்கும்போது தண்ணீர்க் குவளையில் எழும் வட்டங்களை, வண்டியின் முகப்புப் பலகைக்கு அடியில் கிட்டார் கம்பியைப் பொருத்தி மீட்டி உண்டாக்கினார்கள் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். ஒலியைக் கூட்டி வையுங்கள், விளக்கை அணையுங்கள், கைபேசியை வாங்கி வைத்துவிடுங்கள்.

நடு இருக்கை எழுதியது:

சிட்டி இயந்திரம், கழற்றலாம், பூட்டலாம். 2020இல் மறைந்த நடிகர் இயன் ஹோமின் முகத்தை 2024இல் 'ஏலியன்: ரோமுலஸ்' படத்தில் பார்த்தேன். 1979இல் 'ஏலியன்' படத்தில் அவர் ஏற்ற ஆஷ் என்னும் ஆண்ட்ராய்டு (மனித உருவ இயந்திரம்) வேறு, இது ரூக் என்னும் மற்றோர் ஆண்ட்ராய்டு. குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் செய்தார்கள். அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் கிடந்த அந்த உருவம் பேசத் தொடங்கியதும், உதடுகள் சொற்களுக்கு ஒரு நூலிழை பின்தங்கி அசைவதுபோல் எனக்குத் தோன்றியது. பக்கத்திலிருந்த நண்பன் என் காதருகே குனிந்து, "இந்த ஆளுக்கு வயசே ஆகலை பாரு" என்று வியந்தான். அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இடைவேளையிலும் சொல்லவில்லை.

கடைசி வரிசை எழுதியது:

சர்க்யூட் பலகைக்கு நன்றி. ஆனால் அறிவுரை பத்தாண்டுகள் தாமதம். மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். போன தீபாவளி விடுமுறையில்தான் 1993ஆம் ஆண்டுப் படத்தை முதன்முறையாக முழுவதும் பார்த்தான். டி-ரெக்ஸ் வாய் பிளந்து கர்ஜிக்க, பதாகை மெல்ல விழுந்தபோது எழுந்து உட்கார்ந்து, "அப்பா, இதைத்தானே அவனுங்க கொளுத்தினாங்க!" என்றான்.