அவசரம்: 45 ஆயிரத்துக்குள் வைர மோதிரம், கல் பெரிதாக இருக்கிற கடையில் விலை குறைவு. எப்படி?

புதுவரவு91: வணக்கம். நாளை மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். முதல் கடையில் 20 சென்ட் (0.20 கேரட்) வைரம் வைத்த மோதிரம் 44,064 ரூபாய். பக்கத்துக் கடையில் 50 சென்ட், 41,000தான். இரண்டும் 18 கேரட் தங்கம், எடையும் ஏறக்குறைய ஒன்று. பெரிய கல் எப்படி மலிவாகும்? ஏமாற்றுகிறார்களா? முதல் கடையில் 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். 45 ஆயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட முடியாது.

மஞ்சள்வெயில்: எந்த ஊர்? யாருக்கு? ஒற்றைக் கல்லா, பல கல்லா? சான்றிதழ் உண்டா? இதைச் சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது தம்பி?

ஏற்காட்டுக்காற்று: டெஸ்டர் பேனா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்து சத்தம் வந்தால் வைரம், வராவிட்டால் கண்ணாடி. என் தங்கைக்கு அப்படிப் பார்த்துத்தான் வாங்கினோம்.

வைரநோக்கர்: தம்பி, நிறம், தெளிவு, வெட்டு, எடை என்ற நான்கையும் படிக்காமல் வைரக்கடைப் படி ஏறக் கூடாது. இதே கேள்விக்குப் பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கக்கூட நேரமில்லாதவருக்கு எதற்கு வைரம்? நிறமே தெரியாத ஈஎஃப் தரம், லென்ஸிலும் குறை எளிதில் தெரியாத விவிஎஸ் தெளிவு. அதற்குக் கீழே இறங்காதீர்கள். காசு போதாவிட்டால் காத்திருங்கள்.

பட்டறைவாசி: ஏற்காட்டுக்காற்று, சாதாரண டெஸ்டர் சூடு கடத்துவதைத்தான் அளக்கும். வைரம் போலவே தெரியும் மொய்சனைட் என்ற வேறு கல்லும் அதில் வைரம் மாதிரியே தேறிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தையும் அது பிரித்துச் சொல்லாது. அதை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது.
தம்பி, கடையில் தந்த சீட்டில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

புதுவரவு91: மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். திருச்சி. நிச்சயதார்த்தத்துக்கு. முதல் கடைச் சீட்டு: எடை 2.440 கிராம் × 9,800 = 23,912. சேதாரம் 12% = 2,869. வைரம் 0.20 = 16,000. ஜிஎஸ்டி 3% = 1,283. பூ மாதிரி 9 கல். இரண்டாவது கடையில் ஒற்றைக் கல். சீட்டு தரவில்லை, அட்டையில் ‘எல்ஜி’ என்று தொடங்கும் எண் மட்டும் பார்த்தேன்.

பட்டறைவாசி: இப்போது விஷயம் புரிகிறது. 20 சென்ட் என்பது ஒன்பது கல்லும் சேர்ந்த எடை. ஒவ்வொன்றும் இரண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நெருக்கிப் பதித்தால் தூரத்துக்கு ஒரே பெரிய கல் போலத் தெரியும். அது தப்பில்லை, சின்ன பட்ஜெட்டுக்கு நல்ல வழிதான். ஆனால் ஒற்றைக் கல் என்று நினைத்து வாங்கக் கூடாது. ஒற்றையாக 20 சென்ட் என்றால் குறுக்களவு சுமார் 3.8 மில்லிமீட்டர் இருக்கும்.
‘எல்ஜி’ எண் என்றால் ஆய்வக வைரம். விலை குறைவு அதனால்தான். சொல்லி விற்றால் அது ஏமாற்று இல்லை. கல்லின் இடுப்பு விளிம்பில் அதே எண் லேசரில் பொடியாகப் பொறித்திருக்கும். பத்து மடங்கு லென்ஸ் கேட்டு வாங்கி, சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
அப்புறம் இன்னொன்று. வைர எடையில் ஒரு கேரட் 0.2 கிராம், அதாவது நூறு சென்ட். 20 சென்ட் வைரம் 0.040 கிராம். அதைக் கழித்தால் தங்கம் 2.400தான். உங்கள் சீட்டில் கல்லுக்கும் சேர்த்துத் தங்க விலை போட்டிருக்கிறார்கள், அதன்மேல் சேதாரமும் வரியும். சரியாகப் போட்டால் 43,612. 452 ரூபாய் அதிகம் வாங்குகிறார்கள். நிகர எடையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

வைரநோக்கர்: ஆய்வகக் கல்லை வைரம் என்று சொல்லி இளைஞர்களைக் குழப்பாதீர்கள். நாளைக்கு விற்கப் போனால் என்ன கிடைக்கும்?

கரிமம்: அதுவும் கரிமம்தான் (கார்பன்) ஐயா, கடினமும் ஒளியும் அதேதான். 2023 பட்ஜெட்டை ஒட்டி, ஆய்வக வைர ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐஐடிக்கு ஐந்தாண்டுகளுக்கு 242.96 கோடி ஒதுக்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் பிரதமர் அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவிக்குக் கொடுத்ததும் 7.5 கேரட் ஆய்வக வைரம். திருச்சிப் பக்கம் குடிசைத் தொழிலாகப் பட்டை தீட்டிய செயற்கைக் கல் வேறு, அது வைரமே இல்லை. அந்த நினைப்பில்தான் பலர் இதையும் ஒதுக்குகிறார்கள். மறுவிற்பனையில் நீங்கள் சொல்வது சரி, ஆய்வகக் கல்லின் விலை வேகமாக இறங்கிவிட்டது. ஆனால் நிச்சயதார்த்த மோதிரத்தை விற்கவா வாங்குகிறார்கள்?

காவிரிக்கரை_அத்தை: நீ எதை வாங்கினாலும், மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு எடு கண்ணு. என் மாமியாரின் எட்டுக்கல் பேசரி மூக்குத்தியை அப்படிப் பார்த்துத்தான் எடுத்தார்கள். கரும்புள்ளி இருந்தால் தோஷம். முதல் கல்லைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கரிமம்: அத்தை, புள்ளி என்பது கல் உருவாகும்போது உள்ளே மாட்டிக்கொண்ட துகள். அதற்கும் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம்?

காவிரிக்கரை_அத்தை: சம்பந்தம் இருக்கோ இல்லையோ, மனசில் ஒரு உறுத்தலோடு போட்டுக்கொள்ளக் கூடாது இல்லையா? நிச்சயத்துக்குப் போடும் மோதிரம்.

வைரநோக்கர்: அதனால்தான் விவிஎஸ் என்றேன்.

பட்டறைவாசி: இரண்டு சென்ட் கல்லில் விவிஎஸ்ஸுக்கும் அதற்கு அடுத்த தரமான விஎஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. நாற்பது வருஷம் கல் பதித்த என் கண்ணுக்கே லென்ஸ் வேண்டும். விஎஸ் எடுத்தால் மிச்சமாகும் காசைத் தங்கத்தில் போடலாம். சின்னப் பட்ஜெட்டில் வளையத்தை மெல்லிசாக்கித்தான் விலையைக் குறைக்கிறார்கள். மெல்லிய வளையம் நெளியும், நெளிந்தால் கல் உதிரும்.

மஞ்சள்வெயில்: தம்பி, யாருக்கு என்று கேட்டேனே. அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள்?

புதுவரவு91: செவிலியர் அக்கா. அறுவை அரங்கில் இல்லை, வார்டில். கையுறை மாட்டிக் கழற்றிக்கொண்டே இருப்பாள்.

மஞ்சள்வெயில்: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! நானும் செவிலியர்தான். கல்லைப் பிடிக்க உயரமாக நிற்கும் கொக்கி கையுறையைக் கிழிக்கும், கல்லும் ஆடிவிடும். பூ மாதிரி ஒன்பது கல்லின் இடுக்கில் மருந்தும் சோப்பும் அடையும். வேலை நேரத்தில் கழற்றித்தான் வைக்க வேண்டும், ஆனாலும் வீட்டிலும் வெளியிலும் போட வேண்டுமே. ஒற்றைக் கல், சுற்றிலும் தங்க விளிம்பு கட்டி, விரலோடு படிந்தது எடு. அவளிடமே ஒரு வார்த்தை கேட்டாயா?

பட்டறைவாசி: அக்கா சொல்வதே சரி. விளிம்பு கட்டினால் கால் கிராம் தங்கம் கூடலாம், கல்லை 30 சென்ட்டாகக் குறைத்தால் கணக்கு சரியாகிவிடும். 18 கேரட்டுக்கான 750 முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட அடையாளக் குறியான எச்யூஐடியும் இருக்கிறதா என்று பார்த்து, அந்தக் குறியைத் தரநிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், அதே கடையிலேயே இப்படிச் செய்து தர முடியுமா என்று கேளுங்கள்.

புதுவரவு91: அவளை அழைத்துக்கொண்டு போனேன். முன்பணம் கொடுத்த கடையிலேயே விளிம்பு கட்டிய 30 சென்ட், ஆய்வகக் கல், 42,700. லென்ஸில் எண் பார்த்தோம், சரியாக இருந்தது. அவளுக்குப் பிடித்திருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

பட்டறைவாசி: மகிழ்ச்சி தம்பி. பில்லில் நிகர எடையைத் தனியாகப் போட்டார்களா?

பட்டறைவாசி: தம்பி, பில்லைப் பார்த்துச் சொல்லுங்கள். 30 சென்ட்டுக்கு 0.060 கிராம் கழிய வேண்டும்.