சின்ன ஆம்ப்ளிஃபையர், சின்ன செலவு: கட்டியவர்கள் வாங்க

வடபழனி வாசி:

ஹாலில் பாட்டுக் கேட்க ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும். கைக்கு அடக்கமாக இருக்கணும், அடுப்பு மாதிரி சுடக் கூடாது, கையைக் கடிக்கக் கூடாது. இப்படி நினைத்துக் கட்டியவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

போர்டு, டிபிஏ3116 சிப் போட்டது. சென்னை ரிச்சி தெருவில் எந்தப் பொந்துக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். பவருக்குச் செத்துப்போன லேப்டாப்பின் அடாப்டர், 19 வோல்ட், 3.42 ஆம்பியர். பெட்டிக்கு ஒரு அலுமினிய டிபன் பாக்ஸ். வால்யூம் கண்ட்ரோல், ஸ்பீக்கர் டெர்மினல், ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான் சாமான். பெரிய டிரான்ஸ்பார்மரும் வேண்டாம், சூட்டை வெளியேற்ற உள்ளங்கை அளவு ஹீட்சிங்கும் வேண்டாம். இது கிளாஸ் டி, அதாவது அவுட்புட்டை ஸ்விட்ச் மாதிரி படுவேகமாக வெட்டி ஓட்டுகிற வகை என்பதால் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கேயே போய்ச் சேர்கிறது. சூடாக வீணாவது கொஞ்சம்தான்.

விளம்பரத்தில் 100 வாட் என்று போட்டிருப்பான். அதை மறந்துவிடுங்கள். 19 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு, வோல்ட்டின் வர்க்கத்தை ஓமின் இரட்டிப்பால் வகுத்தால் 361-ஐ 16-ஆல் வகுக்கணும். சுமார் 22 வாட், அதுவும் காகிதத்தில். நடைமுறையில் பக்கத்துக்கு (இடது, வலது ஒவ்வொன்றுக்கும்) 20 வாட் சுத்தமாக வந்தால் சந்தோஷம். அது போதுமா என்றால், தாராளமாகப் போதும். 88 டெசிபெல் ஸ்பீக்கர் என்றால் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அந்த 88 டெசிபெல் கேட்கும். எங்கள் ஃப்ளாட்டில் அந்தச் சத்தத்துக்கே கீழ்வீட்டுக்காரர் மேலே பார்ப்பார்.

என் கட்சி இதுதான்: சிப் எது, எத்தனை வாட் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பவர் சப்ளையையும் கிரவுண்ட் (சர்க்யூட்டின் பொதுப் புள்ளி) ஒயரிங்கையும் ஒழுங்காகச் செய்தால் நானூறு ரூபாய் போர்டு நாலாயிரம் ரூபாய் செட் மாதிரி பாடும்.

மலைக்கோட்டை:

தம்பி சொன்னதில் கடைசி வரிக்கு மட்டும் கைதட்டுகிறேன். மற்றபடி நான் டிரான்ஸ்பார்மர் கட்சி.

எங்கள் காலத்தில் டிபிஏ810 சிப்தான் ராஜா, அப்புறம் சான்யோவின் 4440 சிப் வந்தது. அந்த 4440 போர்டு இல்லாத டீக்கடை உண்டா? ஊர் ஊராக டேப்ரெக்கார்டர், கார் செட், லோக்கல் அசெம்பிள்டு செட் எல்லாவற்றிலும் அதுதான். வெளியே 1000 வாட் பிஎம்பிஓ (விளம்பரத்துக்காகப் போடும் உச்ச வாட் கணக்கு) என்று ஸ்டிக்கர், உள்ளே பக்கத்துக்கு 6 வாட். இருந்தாலும் பாட்டு பாட்டாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு என்று கட்டினால் இன்றைக்கும் நான் டிடிஏ2030ஏ சிப்தான் போடுவேன். ஐந்து கால், பக்கத்துக்கு ஒன்று, சுற்றி நாலு ரெசிஸ்டர், நாலு கண்டென்சர். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்கணும்.

முதல் விஷயம் வோல்டேஜ். கடையில் 12-0-12 டிரான்ஸ்பார்மர் கொடுப்பார்கள். 12 வோல்ட் ஏசி என்றால் கண்டென்சர் ஏறியபின் 12 தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 1.414-ஆல் பெருக்கணும், கிட்டத்தட்ட 17 வரும். லோடு இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் எழுதியிருப்பதைவிடக் கூடக் கொடுக்கும், ராத்திரியில் லைன் வோல்டேஜும் 240-ஐத் தாண்டும். 18, 19 சாதாரணமாக வந்துவிடும். பழைய டிடிஏ2030-க்கு உச்ச வரம்பே கூட்டல் கழித்தல் 18. 'ஏ' போட்டது 22 வரை தாங்கும். ஒரு எழுத்துக்காகச் சிப் போகக் கூடாது.

அடுத்தது மைக்கா, மின்சாரத்தைக் கடத்தாத மெல்லிய தகடு. அந்தச் சிப்பின் உலோக முதுகு உள்ளே நடுக்காலோடு சேர்ந்திருக்கிறது. அந்தக் கால் நெகட்டிவ் சப்ளை. ஹீட்சிங்கை அப்படியே பெட்டியில் முறுக்கி, பெட்டியைக் கிரவுண்டோடு சேர்த்தால் நெகட்டிவ் சப்ளை நேராக ஷார்ட். மைக்காத் துண்டும் ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் இரண்டு ரூபாய் சமாச்சாரம், மறக்காதீர்கள். முறுக்கியதும் மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து ஹீட்சிங்குக்கும் நடுக்காலுக்கும் தொட்டுப் பாருங்கள். பீப் அடிக்கவில்லை என்றால்தான் ஸ்விட்ச் போடலாம்.

அவுட்புட்டில் 1 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். "இது எதுக்கு சார், இது இல்லாமலே பாட்டு வருதே" என்று எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் சிப் தானாக ஆட ஆரம்பிக்கும், பாட்டே ஓடாமல் ஹீட்சிங்க் கொதிக்கும். காரணம் தேடி நாளைக் கழிக்க வேண்டியதுதான்.

வடபழனி வாசி:

ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் 2030 சும்மா இருக்கும்போதே இரண்டு பக்கமும் சேர்ந்து இரண்டு மூன்று வாட் தின்னுமே!

மலைக்கோட்டை:

தின்னட்டும். குளிர்காலத்தில் பூனை அதன் மேல்தான் தூங்கும்.

பொருநைக்கரை:

கிளாஸ் டி பற்றி ஒருவரும் சொல்லாத ஒரு கதை என்னிடம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ரேடியோ இல்லாமல் விடியாது. திருநெல்வேலி வானொலி, மத்திய அலை, 1197 கிலோஹெர்ட்ஸ். நான் டிபிஏ3116 கட்டி ஹாலில் வைத்தேன். மறுநாள் காலையில் அப்பா ரேடியோவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். "என்னலே, ஸ்டேஷனுக்குள்ள குயில் கூவுது?" சன்னமாக 'உய்ய்ய்' என்று ஒரு சத்தம், அது மெல்ல ஏறி இறங்குகிறது. ஆம்ப்ளிஃபையர் ஸ்விட்சை அணைத்தால் குயில் பறந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், இந்தச் சிப் நொடிக்குச் சுமார் 4 லட்சம் தடவை அவுட்புட்டை வெட்டி வெட்டி ஓட்டுகிறது, அதாவது 400 கிலோஹெர்ட்ஸ். அதன் மூன்று மடங்கு 1200. நம்ம ஸ்டேஷன் 1197. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 கிலோஹெர்ட்ஸ், அது அப்படியே காதுக்குக் கேட்கிற விசிலாக வருகிறது. சிப்பின் அதிர்வெண் சூட்டுக்கு ஏற்ப லேசாக நகர்வதால் விசிலும் ஏறி இறங்குகிறது. சென்னைக்காரர்களுக்கு அவர்கள் ஸ்டேஷன் 720-இல் இது தெரியவே தெரியாது.

ஸ்பீக்கர் ஒயர்தான் ஏரியல் மாதிரி வேலை செய்கிறது. அதனால் இரண்டு ஒயரையும் நன்றாக முறுக்கி, மிச்சத்தை வெட்டிச் சின்னதாக்கினேன். பிளாஸ்டிக் பெட்டியை விட்டு இரும்புப் பெட்டிக்கு மாற்றினேன். பாதிக் குயில் போனது. மீதிக்கு சிப் கம்பெனி தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டைப் புரட்டினால் வழி அதிலேயே இருக்கிறது. மத்திய அலை போன்ற ஏஎம் ரேடியோவில் குறுக்கிடக் கூடாது என்றே அதிர்வெண்ணை மாற்ற மூன்று கால்கள் வைத்திருக்கிறார்கள். என் போர்டில் மூன்றையும் கிரவுண்டில் கட்டியிருந்தான். லென்ஸ் வைத்து, கூர்முனை அயர்னால் ஒரு காலைத் தூக்கி மேல்நிலைக்கு மாற்றியதும் 500 ஆகிவிட்டது. மடங்குகள் 1000, 1500. அப்பா நிம்மதி. (கோயம்புத்தூர்க்காரர்கள் இதைச் செய்யாதீர்கள், உங்கள் ஸ்டேஷன் 999.)

மரக்கடை மெக்கானிக்:

மதுரையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிற போர்டுகளில் பாதி ஒரே காரணத்தால் செத்தவை. பிஏஎம்8403 என்கிற குட்டி கிளாஸ் டி சிப், 3116 இரண்டிலுமே ஸ்பீக்கரின் மைனஸ் என்பது கிரவுண்ட் இல்லை. இரண்டு முனையும் எதிரெதிராக ஆடுகின்றன. ஒயர் மிச்சம் பிடிக்க இரண்டு ஸ்பீக்கர் மைனஸையும் ஒன்றாக முறுக்கி மூன்று ஒயரில் கொண்டுபோவார்கள், இல்லாவிட்டால் ஹெட்ஃபோன் ஜாக் வைப்பார்கள். ஹெட்ஃபோன் ஜாக்கில் இரண்டு பக்கத்துக்கும் பொது மைனஸ். கதை முடிந்தது. பழைய 4440 பழக்கத்தில் செய்வதுதான் இது. அதில் ஸ்டீரியோவாகக் கட்டினால் மைனஸ் கிரவுண்ட்தான், அதனால் ஓடியது.

இன்னொன்று, சாமான். ஒரு கடையில் 4700 மைக்ரோஃபாரட் என்று உறை போட்ட கண்டென்சர் வாங்கினேன். வெயிட்டே இல்லை. உறையைக் கிழித்தால் உள்ளே அதைவிடச் சின்னதாக இன்னொரு கண்டென்சர். பெரிய ஐசியாக இருந்தால் அசிட்டோனில் பஞ்சை நனைத்து முகப்பைத் தேயுங்கள். பழைய எழுத்தைச் சுரண்டி மேலே வேறு நம்பர் அடித்திருந்தால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும்.

யாழ்ப்பாணத்தான்:

2022 இல எங்கட பக்கம் மின்வெட்டு நாளுக்கு எத்தனை மணித்தியாலம் எண்டு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அப்பதான் இந்தச் சின்ன அம்பின்ர அருமை விளங்கினது. பழைய ஓட்டோ பற்றரி ஒண்டு, 12 வோல்ட். அதில நேரா 3116 ஐக் கொழுவினம். 8 ஓமுக்கு 9 வாட் கூட வராது, ஆனா இருட்டில முற்றத்தில இருந்து பாட்டுக் கேக்க அது காணும். பின்னேரம் தொடங்கி கரண்ட் வரும்வரைக்கும் பற்றரி இறங்கவே இல்லை. அண்ணை சொல்லுற டிரான்ஸ்போமர் அம்பை அண்டைக்கு என்ன செய்யிறது?

இன்னுமொண்டு, பற்றரியில ஓடேக்க ஹம் எண்ட பேச்சே இல்லை. திரும்ப அடப்டருக்கு மாத்தினாப் பிறகுதான் அடப்டர் எவ்வளவு இரைச்சல் போடுது எண்டு தெரிஞ்சது.

புது சால்டரிங்:

அண்ணன்களே, காலேஜ் முதல் வருஷம். 3116 போர்டு, கூடவே ஒரு புளூடூத் போர்டு, இரண்டுக்கும் ஒரே 12 வோல்ட் அடாப்டர். புளூடூத்துக்கு மட்டும் 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன். பாட்டு வருகிறது, ஆனால் பாட்டு நின்றால் 'ட்ர்ர்ர், கீ... கீ...' என்று பின்னால் ஒரு சத்தம். போர்டு போலியா?

வடபழனி வாசி:

போர்டு நல்ல போர்டுதான் தம்பி. இரண்டு போர்டும் இரண்டு வழியாகக் கிரவுண்டைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன, பவர் ஒயர் வழியாக ஒன்று, ஆடியோ ஒயர் வழியாக ஒன்று. புளூடூத் சிப் இழுத்து இழுத்துக் குடிக்கிற கரண்ட் ஆடியோ கிரவுண்டிலும் ஓடுகிறது, அதைத்தான் கேட்கிறாய். முதலில் சோதனை: புளூடூத் போர்டை மட்டும் பவர் பேங்கில் ஓட்டிப் பார். சத்தம் சுத்தமாக நின்றால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் பி0505எஸ் என்று ஒரு குட்டி ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் கிடைக்கும், நாலு கால், 5 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, இரண்டு பக்கத்துக் கிரவுண்டும் தனித்தனி. அதைப் புளூடூத்தின் சப்ளையில் போட்டால் தீர்ந்தது. ஒரு வாட்தான் தாங்கும், புளூடூத்துக்கு அது போதும்.

மலைக்கோட்டை:

ஹம் பற்றியும் தம்பிக்குச் சொல்லிவிடுகிறேன். இன்புட் இரண்டு முனையையும் ஷார்ட் பண்ணிப் பார். ஹம் நின்றால் அது வெளியே ஒயரிலிருந்து வருகிறது. நிற்கவில்லை என்றால் உள்ளே, உன் சப்ளையில். டிரான்ஸ்பார்மர் செட்டில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் வருவது 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். கிரவுண்ட் சுற்றால் வருவது 50, அடிவயிற்றில் 'ம்ம்ம்' என்று இருக்கும். முதலாவதற்குக் கண்டென்சரைப் பார், இரண்டாவதற்கு எல்லாக் கிரவுண்டையும் பெரிய கண்டென்சரின் காலில் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்.

புது சால்டரிங்:

பவர் பேங்க் வைத்துப் பார்த்தேன் அண்ணே, சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது! பி0505எஸ் ஆர்டர் போட்டாச்சு. இன்னொரு சந்தேகம்: 12-க்குப் பதில் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) போட்டால் பாட்டின் சத்தம் கூடுமா?

வடபழனி வாசி:

கூடும். ஆனால் போர்டில் இருக்கும் பெரிய கண்டென்சர்களில் என்ன எழுதியிருக்கிறது என்று பார். மலிவு போர்டுகளில் 25 வோல்ட் போட்டிருப்பான், 24-இல் அது நூலிழையில் நிற்கும். சிப்புக்கு வரம்பு 26. எஸ்எம்பிஎஸ்ஸில் வோல்டேஜைத் திருகும் ஸ்க்ரூ ஒன்று இருக்கும், அதைத் திருகினால் 26-ஐத் தாண்டிவிடும், தொடாதே. 35 வோல்ட் கண்டென்சராக இருந்தால் தைரியமாகப் போடு. 25-ஆக இருந்தால் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் போதும். பழைய லேப்டாப் ரிப்பேர் கடையில் கேள், சும்மாவே கொடுப்பார்கள். வாங்கியதும் பின்னில் பிளஸ் நடுவிலா, வெளியிலா என்று மீட்டரில் பார்த்த பிறகு சொருகு.