பெர்ஃபோர்ஸ்: பி4வி-யில் இணைகிறது, கட்டளை வரியில் இணையவில்லை

மின்மினி: விண்டோஸ் 11. பெர்ஃபோர்ஸ் (கோப்புகளின் பதிப்புகளைச் சர்வரில் வைத்து நிர்வகிக்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறேன். அதன் சாளரச் செயலியான பி4வி திறந்தால் சர்வர் உடனே இணைகிறது. ஆனால் கமாண்ட் ப்ராம்ப்டில் கோப்புகளை இறக்க `பி4 சிங்க்` கொடுத்தால் இணைப்பு தோல்வி, பெர்ஃபோர்ஸ்:1666-ஐ எட்ட முடியவில்லை என்று வருகிறது. எங்கள் சர்வரின் பெயரே வேறு. ஃபயர்வாலில் 1666-ஐத் திறக்க வேண்டுமா?

குறுநிரல்: ஃபயர்வாலைத் தொடாதீர்கள். அது தடுத்தால் பி4வி-யும் இணையாதே. பி4வி இணைப்பு விவரத்தைத் தன் சொந்த அமைப்பில் வைத்துக்கொள்ளும். கட்டளை வரி அதைப் பார்க்காது. சர்வர் முகவரியைச் சொல்லும் பி4போர்ட் மாறி காலியாக இருந்தால் பெர்ஃபோர்ஸ்:1666 என்ற இயல்பு முகவரிக்குத்தான் போகும். பிழையில் அந்தப் பெயர் வந்தாலே முகவரி கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம்.

பி4வி-யின் இணைப்புப் பெட்டியில் சர்வர் கட்டத்தில் இருப்பதை அப்படியே எடுத்து `பி4 செட் பி4போர்ட்=எஸ்எஸ்எல்:சர்வர்பெயர்:1666` என்று கொடுங்கள். சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி கூடாது. எஸ்எஸ்எல் (மறையாக்கப்பட்ட இணைப்பு) சர்வருக்கு 'எஸ்எஸ்எல்:' என்ற முன்னொட்டை விட்டால் அதைச் சேர்க்கச் சொல்லிப் பிழை வரும். அடுத்து `பி4 ட்ரஸ்ட்`. அது காட்டும் கைரேகையை (சர்வரின் அடையாளக் குறியீடு) அட்மினிடம் சரிபார்த்த பிறகே 'யெஸ்' தட்டுங்கள், பழக்கதோஷத்தில் தட்டிவிட வேண்டாம். பின் `பி4 லாகின்`. பி4யூசர் தராவிட்டால் விண்டோஸ் பயனர்பெயரையே எடுத்துக்கொள்ளும்.

மின்மினி: நன்றி, `பி4 இன்ஃபோ` இப்போது வருகிறது. ஆனால் சிங்க் செய்தால் என் கணினியின் பெயரைப் போட்டு அப்படியொரு கிளையன்ட் இல்லை என்கிறது. இன்னொன்று, ஒரே ஒரு ஃபோல்டருக்குள் மட்டும் இன்னும் பழைய சர்வருக்கே போகிறது.

வடகரை: இரண்டும் வேறு வேறு சிக்கல். கிளையன்ட் என்றால் வொர்க்ஸ்பேஸ்தான், அதாவது உங்கள் கணினியில் கோப்புகள் இறங்கும் இடத்துக்கான அமைப்பு. பி4கிளையன்ட் காலியாக இருந்தால் கணினிப் பெயரையே வொர்க்ஸ்பேஸ் பெயராக எடுத்துக்கொள்ளும். பி4வி-யில் உள்ள வொர்க்ஸ்பேஸ் பெயரை `பி4 செட் பி4கிளையன்ட்=` என்று கொடுங்கள்.

ஃபோல்டர் விஷயத்துக்கு, அதற்குள் போய் வெறும் `பி4 செட்` அடியுங்கள். பி4போர்ட் வரியில் 'கான்ஃபிக்' என்று ஒரு கோப்பின் பாதை தெரிந்தால் அதுதான் ஆசாமி. பி4கான்ஃபிக் கோப்பு (ஃபோல்டருக்கென்று வைக்கும் அமைப்புக் கோப்பு) சூழல் மாறியை வெல்லும். சூழல் மாறி, `பி4 செட்` ரெஜிஸ்ட்ரியில் எழுதியதை வெல்லும். அந்தக் கோப்பில் பி4போர்ட் வரியைத் திருத்துங்கள்.

மின்மினி: கோப்பு கிடைத்தது, திருத்திவிட்டேன். இப்போது அந்த வொர்க்ஸ்பேஸை வேறொரு கணினியிலிருந்து மட்டுமே பயன்படுத்த முடியும் என்கிறது. பழைய கணினியில் உருவாக்கியது. வொர்க்ஸ்பேஸ் அமைப்பில் கணினிப் பெயர் இருக்கும் ஹோஸ்ட் வரியை அழித்துவிடலாமா?

வடகரை: அழித்தால் இணையும், ஆனால் அடுத்த வம்பு வரும். எந்தக் கோப்பின் எந்தப் பதிப்பு உங்களிடம் உள்ளது என்ற பட்டியல் சர்வரில், வொர்க்ஸ்பேஸ் பெயரில் இருக்கிறது. புதுக் கணினியில் ஃபோல்டர் காலியாக இருந்தாலும் எல்லாம் புதுப்பித்த நிலையிலேயே உள்ளது என்று சொல்லி சிங்க் எதையும் இறக்காது. `பி4 சிங்க் -எஃப்` கட்டாயப்படுத்தி இறக்கும். எழுத அனுமதி பெற்ற கோப்புகளையும் மேலெழுதிவிடும். புது வொர்க்ஸ்பேஸ் ஒன்று உருவாக்கிக்கொள்வதே மேல். பழையதில் சமர்ப்பிக்காத மாற்றங்கள் இருந்தால் முதலில் அந்தக் கணினியிலேயே ஷெல்வ் செய்துவிடுங்கள் (சமர்ப்பிக்காமலே சர்வரில் சேமித்து வைப்பது).

குறுநிரல்: லாகின் டிக்கெட் (`பி4 லாகின்` தரும் தற்காலிக அனுமதி) இயல்பாக 12 மணி நேரம்தான். நாளைக் காலை கடவுச்சொல் பிழை வந்தால் அமைப்பைக் கிளறாமல் `பி4 லாகின் -எஸ்` அடித்து, டிக்கெட் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். பி4பாஸ்வோர்ட் (P4PASSWD) மாறியில் கடவுச்சொல்லை எழுதி வைக்க வேண்டாம்; பாதுகாப்பு நிலை 3-இல் உள்ள சர்வர் அதை ஏற்காது.