காளான், குடைமிளகாய் அடைத்துச் சுட்டால் தண்ணீர் விடுகிறது. என்ன செய்யலாம்?

அடுப்பங்கரை:
சனிக்கிழமை மாலை வீட்டில் 25 பேர். பாதிப் பேர் பேலியோ (தானியம், பருப்பு ஒதுக்கும் உணவுமுறை), மீதியில் சிலர் சர்க்கரைக்காக மாவுச்சத்தைத் தவிர்ப்பவர்கள். எல்லாம் சைவம். காளானிலும் குடைமிளகாயிலும் பனீர் அடைத்து, 28 லிட்டர் ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் மின்சார அவன்) 180 டிகிரியில் 20 நிமிஷம் வைத்துப் பார்த்ததில் தட்டு முழுக்கத் தண்ணீர். உருளைக்கிழங்கு, ரொட்டித்தூள் இல்லாததால் பூரணமும் உதிர்கிறது.

கல்சட்டி:
காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். பூரணத்தை வைத்த பிறகு சூடேற்றினால் அது வெளியேற வழியில்லாமல் குழியிலேயே தேங்கும். அதனால் முதலில் வெறும் காளானைச் சுட்டு நீரை இறக்கிவிடுங்கள்.

200 டிகிரிக்கு முன்சூடு செய்து, குழி கீழே பார்க்கும்படி கம்பித்தட்டில் கவிழ்த்து, அடியில் ஒரு தட்டு வைத்து 12 நிமிஷம். எடுத்து டிஷ்யூவில் கவிழ்த்து ஆறவிட்டு, அப்புறம் அடையுங்கள். மறுபடி 200ல் 8 நிமிஷம், கடைசி 2 நிமிஷம் அவனின் மேல் சூட்டுக்கம்பி மட்டும் எரியட்டும். உப்பு பூரணத்தில் மட்டும்; காளான் மேல் தூவினால் திரும்ப நீர் கக்கும்.

ஆளுக்கு 2 வீதம் 50 காளான், அதாவது 200 கிராம் பாக்கெட் நான்கு. 4 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் பொறுக்குங்கள், சுட்டால் நன்றாகவே சுருங்கும். பூரணத்துக்குப் பனீர் 350 கிராம், துருவிய சீஸ் 80, பூண்டு 8 பல், மிளகுத்தூள் 2 டீஸ்பூன், கொத்தமல்லி. காளான் காம்பைப் பொடியாக நறுக்கி, ஈரம் சுண்டும்வரை வதக்கிச் சேர்க்கலாம். பனீரைத் துருவாமல் உள்ளங்கையால் தேய்த்துப் பிசைந்தால் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

மிளகுசீரகம்:
பூரணம் உதிர்ந்தால் 2 ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு போடுங்க, கல்லு மாதிரி பிடிச்சுக்கும்.

கல்சட்டி:
பிடிக்கும்தான், ஆனால் அதில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. மொத்தத்துக்கும் 2 ஸ்பூன் என்றால் பெரிய கணக்கில்லை. ஆனால் பேலியோக்காரர்கள் பருப்பு வகையையே தொடமாட்டார்கள். பாதாம் பொடி 3 மேசைக்கரண்டி போதும். கடையில் துருவி விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச் தூவியிருப்பார்கள். கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள்.

வெள்ளரிப்பிஞ்சு:
குடைமிளகாயை விட்டுவிடுங்கள். பெரிய காய்க்குத் தட்டும் ஸ்பூனும் வேண்டும், நின்றுகொண்டு சாப்பிட முடியாது. அந்த இடத்துக்குப் பஜ்ஜி மிளகாய் சரியாக வரும். காம்பை விட்டுவைத்து நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறி, உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பைச் சுரண்டி எடுங்கள். காரம் விதையைவிட அதில்தான் அதிகம். அதே பூரணத்தோடு தேங்காய்த்துருவலும் கொஞ்சம் புளிக்கரைசலும் சேர்த்து அடைத்து, தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, மூடாமல் திருப்பித் திருப்பி 7 நிமிஷம். மூடினால் ஆவியில் துவண்டுவிடும். கடலை மாவில் தோய்த்துவிடாதீர்கள், அப்புறம் அது பஜ்ஜிதான்!

அடுப்பே வேண்டாத ஒன்றும் இருக்கட்டும். வெள்ளரிக்காயை 2.5 செ.மீ. துண்டுகளாக்கி, அடியில் அரை செ.மீ. விட்டுக் குடையுங்கள். 500 கிராம் தயிரைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜில் 5 மணி நேரம் தொங்கவிட்டால் பாதியாகக் கெட்டிப்படும். அதில் புதினா, பச்சைமிளகாய், வறுத்த சீரகப்பொடி. உப்பை மட்டும் நிரப்பும் நேரத்தில் கலக்குங்கள். பரிமாற அரை மணி இருக்கும்போது நிரப்பினால் போதும்.

அடுப்பங்கரை:
முந்தின நாளே எதையெல்லாம் முடித்து வைக்கலாம்?

கல்சட்டி:
பூரணம், கட்டுத்தயிர் இரண்டும் வெள்ளி இரவே. காளானின் முதல் சூடு சனி மதியம். ஃபிரிட்ஜில் டிஷ்யூ விரித்த டப்பாவில் கவிழ்த்து வையுங்கள். அடைத்துச் சுடுவது விருந்தாளிகள் வந்த பிறகு, ஒரு ஈடுக்கு 25. சுட்டதை மைக்ரோவேவில் திரும்பச் சூடு செய்யாதீர்கள், மிச்ச நீரும் வந்துவிடும்.