கடைசி மாடி வீட்டின் சூடு: குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். வாடகைக்கு விடுவதற்கென்றே தாம்பரத்தில் கடைசி மாடியில் 650 சதுர அடி வீடொன்றை வாங்கினேன். சித்திரை பிறந்தால் குடியிருப்பவர் காலி செய்துவிடுகிறார். மூன்று ஆண்டுகளில் மூன்று குடும்பங்கள் மாறிவிட்டன. படுக்கையறை மேற்குப் பார்த்தது. சென்ற வாரம் இரவு 10 மணிக்குக் கட்டில்மேல் ஏறிக் கூரையைத் தொட்டேன். சோறு வடித்து அரை மணி நேரமான பானையைத் தொட்டதுபோல் இருந்தது. ஃபால்ஸ் சீலிங் போட 60,000 ரூபாய் கேட்கிறார்கள். என்னால் 20,000 ரூபாய்தான் செலவிட முடியும்.

பதில் (கட்டட மேற்பார்வையாளர்):
ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பதே என் கருத்து. பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொள்ளும் கான்கிரீட் தளம் அதை இரவில்தான் கீழே விடுகிறது; உள்ளே அட்டை அடித்தாலும் தளம் சூடாவது நிற்காது, மேலே கசிவு ஏற்பட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. மொட்டை மாடித் தரையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து வெயிலை மேலேயே திருப்பி அனுப்புவதுதான் வழி. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டதும் இந்தக் காரணத்தால்தான்.

மாடியைப் பெருக்கிக் கழுவி, தட்டோடுகளுக்கு இடையிலுள்ள விரிசல்களை முதலில் அடைத்துவிடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பவர்கள் ஐப்பசி மழையில் வருந்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீற்றிய சுண்ணாம்பை முதல்நாள் இரவே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு ஈரத் தரையில் இரண்டு பூச்சு அடியுங்கள். கூலியோடு சேர்த்துச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். மழையில் கரைந்துபோவதால் ஆண்டுதோறும் மாசியிலோ பங்குனியிலோ மீண்டும் அடிக்க வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் கூரைக்கென்றே விற்கும் வெள்ளைப் பூச்சை வாங்கலாம், விலை கூடுதலானாலும் சில ஆண்டுகள் நிற்கும்.

பதில் (கடைசி மாடியில் வாடகைக்கு இருப்பவர்):
மேற்கு ஜன்னலுக்கு உள்ளே எத்தனை கனமான திரை போட்டாலும் பெரிதாகப் பயனில்லை. கண்ணாடியைத் தாண்டிய வெயில் அறைக்குள் வந்துவிட்டதாகவே பொருள். எங்கள் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டிக் கொடுத்த பிறகுதான் மாலையில் அந்த அறையில் உட்கார முடிந்தது. உங்கள் மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதற்கும் நிழல் அமைத்துக் கொடுங்கள். மே மாதத்தில் பகல் 2 மணிக்குக் குழாயைத் திறந்து குழந்தையின் கையைக் கழுவ முடியாமல் நான் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கிறது. வீட்டைக் காலி செய்வதற்கு இதுபோன்ற சிறிய தொல்லைகளே பெரும்பாலும் காரணமாகின்றன.

பதில்:
அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி பொதுவானது என்பதால் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள். விரிசல் அடைக்கும் செலவு எல்லோருக்கும் உரியதென்று கேட்கவும் இடமுண்டு.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. சங்கச் செயலாளரிடம் பேசினேன். விரிசல் அடைக்கும் செலவைச் சங்கமே ஏற்கும் என்றார். தட்டிக்கு இன்று ஜன்னலை அளந்துவிட்டேன்: நான்கடிக்கு நான்கரை அடி. வரும் ஞாயிறு மாலை சுண்ணாம்பு அடிக்கப் போகிறோம். இப்போது குடியிருப்பவரிடமும் இதைச் சொல்லிவிட்டேன்; இரவு 10 மணிக்குக் கூரையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.