உதவி: யுனிஃபை ஏபி எதுவும் கன்ட்ரோலரில் சேரவில்லை, சனிக்கிழமை முகூர்த்தம்!

மண்டபம்காரன் | வியாழன் இரவு 9.40
வணக்கம். எங்கள் கல்யாண மண்டபத்தில் யுனிஃபை ஏபி (வைஃபை கொடுக்கும் பெட்டி) ஆறு இருக்கிறது. போன வாரம் வரை நன்றாக ஓடியது. இன்று கன்ட்ரோலரில் (இவற்றை நிர்வகிக்கும் மென்பொருள்) ஒன்றுகூடச் சேரவில்லை. சேர்ப்பதற்கு அடாப்ட் கொடுத்தால் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு ஃபெயில் என்கிறது. பெண் வீட்டார் வைஃபைக்கு மணமக்கள் பெயர் வைக்கச் சொல்லி, மேஜைக்கு அட்டையும் அடித்துவிட்டார்கள். அவசரம், யாராவது சொல்லுங்கள்.

கேபிள்_மாமா | 9.46
கேபிள். சீரியல் பல்பு கட்டுகிறவன் இழுத்த இழுப்பில் போயிருக்கும். உங்களுடையது முழுச் செம்பா, செம்பு பூசின அலுமினியமா? பூசினது என்றால் மேலே படிக்கவே வேண்டாம், மாற்றுங்கள்.

பழைய_மோடம் | 9.51
கன்ட்ரோலர் எதில் ஓடுகிறது? ஏபி விளக்கு வெள்ளையா, நீலமா? பட்டியலில் பெயருக்கு நேராக என்ன போட்டிருக்கிறது? நடுவில் எதையாவது மாற்றினீர்களா?

மண்டபம்காரன் | 10.02
ஒன்றும் மாற்றவில்லை. விளக்கு நீலம். வைஃபை வருகிறது, நெட்டும் வருகிறது, கன்ட்ரோலரில்தான் இல்லை. கேபிள் நல்ல கேபிள்தான் சார்.

போர்ட்_8080 | 10.10
இதே கேள்விக்கு எத்தனை முறை எழுதுவது? தேடிப் பார்க்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது. நீல விளக்கு என்றால் அந்த ஏபி ஏற்கெனவே ஒரு கன்ட்ரோலருக்கு வாக்கப்பட்டது. இன்னொருத்தர் வந்து கூப்பிட்டால் போகாது. கேட்டதற்கு முழுசாகப் பதில் சொல்லுங்கள்: பட்டியலில் நிலை என்ன?

மண்டபம்காரன் | 10.21
வேறு யாரோ நிர்வகிப்பதாக ஆங்கிலத்தில் காட்டுகிறது. எல்லாமே அப்படித்தான். பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது என்று புதிதாக வாங்கி அதில் கன்ட்ரோலர் போட்டேன், அதில்தான் பார்க்கிறேன்.

போர்ட்_8080 | 10.22
"ஒன்றும் மாற்றவில்லை."

பழைய_மோடம் | 10.34
விடுங்கள் சார், அவர் பதற்றத்தில் இருக்கிறார்.

மண்டபம், விஷயம் இதுதான். முதலில் சேர்க்கும்போது கன்ட்ரோலரும் ஏபியும் தங்களுக்குள் ஒரு சாவி வைத்துக்கொள்ளும். அந்தச் சாவி பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதோடு, ஏபி பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு (192.168.1.10:8080/இன்ஃபார்ம் மாதிரி ஒன்று) விடாமல் அங்கேயே கதவைத் தட்டும். புதியது அதே நெட்வொர்க்கில் இருப்பதால் யுடிபி 10001 என்ற போர்ட் வழியாகப் பெயர் மட்டும் தெரிகிறது. பெயர் தெரிவதால் கேபிளும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேபிள்_மாமா | 10.37
ஆறும் தெரிகிறதா, எண்ணிப் பார்த்தாரா?

அட்மின்_அண்ணாச்சி | 10.45
ஒவ்வொன்றாக ரீசெட் துளையில் குச்சியை வைத்து 10 வினாடி அழுத்துங்கள். விளக்கு வெள்ளைக்கு வந்ததும் அடாப்ட் கொடுங்கள். அரை மணி வேலை.

மண்டபம்காரன் | 10.52
எல்லாம் 20 அடி உயரத்தில் சீலிங்கில் இருக்கிறது. மேடை அலங்காரம் முடிந்துவிட்டது, ஏணி உள்ளே வராது. கம்ப்யூட்டரிலிருந்தே எஸ்எஸ்எச் வழியாக ஏபிக்குள் போகப் பார்த்தேன், கம்பெனி வைத்த பெயரும் பாஸ்வேர்டும் (யுபிஎன்டி, யுபிஎன்டி) வாங்கவில்லை.

போர்ட்_8080 | 10.58
வாங்காது. அது பெட்டியிலிருந்து எடுத்த புதுசுக்கு மட்டும். அடாப்ட் ஆனதும் கன்ட்ரோலர் அதை மாற்றிவிடும். இதுவும் பழைய பதிவில் இருக்கிறது.

பழைய_மோடம் | 11.05
பழைய கம்ப்யூட்டர் "போய்விட்டது" என்றால் எப்படி? ஹார்ட் டிஸ்க்கா, கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸா?

மண்டபம்காரன் | 11.09
எஸ்எம்பிஎஸ் புகைந்துவிட்டது. கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்.

பழைய_மோடம் | 11.17
அப்படியானால் டிஸ்க் உயிரோடு இருக்கும். காலையில் முதல் வேலையாகக் கடைக்கு ஓடுங்கள், அவர் ஃபார்மட் அடிப்பதற்குள். டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு, உங்கள் யூசர் ஃபோல்டரில் யூபிக்விட்டி யுனிஃபை, அதற்குள் டேட்டா, பேக்கப், ஆட்டோபேக்கப் என்று போங்கள். கடைசித் தேதி போட்ட யுஎன்எஃப் கோப்பை எடுத்துப் புதியதில் ரீஸ்டோர் கொடுங்கள். சாவியும் கூடவே வந்துவிடும். புதிய கன்ட்ரோலர் பழைய பதிப்போ அதற்கு மேற்பட்டதோவாக இருக்க வேண்டும், கீழே இருந்தால் ஏற்காது. அப்புறம் புதிய கம்ப்யூட்டருக்குப் பழைய ஐபியையே கொடுங்கள். ஏணி வேண்டாம்.

ஸ்டூடியோ_தம்பி | 11.30
நடுவில் ஒரு சந்தேகம். நான் கல்யாண லைவ் எடுப்பவன். கன்ட்ரோலர் இல்லாவிட்டால் முகூர்த்த நேரத்தில் வைஃபை நின்றுவிடுமா?

பழைய_மோடம் | 11.33
நிற்காது. கடைசியாகச் சொன்னதை வைத்து ஏபி தானாக ஓடும். கன்ட்ரோலரை நம்பிய விருந்தினர் போர்ட்டல் வைத்திருந்தால்தான் சிக்கல்.

கேபிள்_மாமா | 11.36
லைவை வைஃபையில் எடுக்கிறவனை என்ன சொல்வது? 800 பேர் பாக்கெட்டில் 800 போன். தாலி கட்டும்போது படம் உறைந்து நிற்கும், வெளிநாட்டுச் சித்தப்பா அட்சதையோடு உட்கார்ந்திருப்பார். மேடைக்கு வயர் இழுங்கள்.

ஸ்டூடியோ_தம்பி | 11.40
மாமா, மேடைக்கு வயர் இழுத்தால் புரோகிதர் தடுக்கி விழுவார். 5 கிகாஹெர்ட்ஸில் எனக்கென்று தனிப் பெயர் கொடுத்தால் போதாதா?

கேபிள்_மாமா | 11.42
பெயர் தனி, காற்று ஒன்றுதானே தம்பி.

அட்மின்_அண்ணாச்சி | 11.49
இந்த லைவ் பேச்சுக்கெல்லாம் தனிப் பதிவு போடுங்களேன். நாலு சாதா ரௌட்டர் மாட்டியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

போர்ட்_8080 | 11.51
நாலு ரௌட்டர், நாலு டிஎச்சிபி, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஐபி கொடுக்கும். ஏன் சார், மண்டபத்துக்கு இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸையும் புகைய விடலாமே.

மண்டபம்காரன் | வெள்ளி மாலை 4.15
டிஸ்க் கிடைத்தது. ரீஸ்டோர் ஆகிவிட்டது, ஐபியும் பழையதே வைத்தேன். இப்போது ஆறு பெயரும் சரியாக இருக்கிறது, ஆனால் எல்லாம் டிஸ்கனெக்டட்.

போர்ட்_8080 | 4.19
போனை அதே வைஃபையில் போட்டு, பிரவுசரில் அந்த ஐபியையும் 8080ஐயும் அடியுங்கள். பிழைச் செய்தி வந்தாலும் பரவாயில்லை, கதவு திறந்திருக்கிறது. பதிலே வராமல் சுற்றினால் கம்ப்யூட்டரின் ஃபயர்வால் தடுக்கிறது. விண்டோஸ் உங்கள் நெட்வொர்க்கைப் பொது இடம் என்று நினைத்திருக்கும், பிரைவேட் என்று மாற்றுங்கள். டிசிபி 8080, யுடிபி 3478 இரண்டையும் உள்ளே விடுங்கள். நேற்றே முழு விவரம் சொல்லியிருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன்.

மண்டபம்காரன் | 5.50
ஃபயர்வால்தான். 5 வந்துவிட்டது, பெயரும் மாற்றிவிட்டேன். டைனிங் ஹால் மட்டும் வரவில்லை. இப்போதுதான் போய்ப் பார்த்தேன், விளக்கே எரியவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், அப்புறம் வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

கேபிள்_மாமா | 5.52
எண்ணிப் பார்த்தாரா என்று நேற்றே கேட்டேன்.

கேபிள்_மாமா | ஞாயிறு காலை 8.10
மண்டபம், டைனிங் ஹால் சீலிங்கில் எலி உண்டா?