30 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

ஆலமரத்தடி: "அவசரக் கல்யாணமா? சார்பதிவாளர் அலுவலகம் போங்க, ஒரே நாளில் முடிஞ்சிடும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. வெவ்வேறு மதத்து ஜோடி 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணக்க, மாவட்டத் திருமண அலுவலரிடம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அதை அலுவலகத்தில் ஒட்டிய பிறகு 30 நாள் கழிய வேண்டும். இவர் பேச்சை நம்பி விமான டிக்கெட் போட்டவர் என்ன செய்வார்?

செல்லக்கிளி78: எழுதியது நான்தான். காலையில் தாலி கட்டினோம், மதியம் பதிவுச் சான்றிதழ் கையில். பொய்யா சொல்கிறேன்?

மீனாள்: இரண்டு பேரும் வேறு வேறு பதிவைப் பேசுகிறீர்கள். நடந்து முடிந்த இந்துத் திருமணத்தைப் பதிவது ஒன்று. சிறப்புச் சட்டத்தில் அலுவலர் முன் புதிதாக மணப்பது வேறு.

செல்லக்கிளி78: பதிவு பதிவுதான். சரி, 30 நாள் என்றே வைப்போம். முன்னறிவிப்பு கொடுத்த நாளிலிருந்துதானே எண்ணணும்? கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால் ஆயிற்று.

ஆலமரத்தடி: இல்லை. ஒட்டிய நாளிலிருந்து. பிரிவு 7 அதைத்தான் சொல்கிறது. என் தம்பி திங்கட்கிழமை கொடுத்தான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் ஒட்டினார்கள், அதுவும் பழைய ஏல அறிவிப்புக்குக் கீழே, ஒற்றைக் குண்டூசியில். அந்தப் 11 நாளும் கணக்கில் வரவில்லை. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போயிற்று.

வழக்காடி: பிரிவு 14-ஐப் படியுங்கள். 'கொடுத்த நாளிலிருந்து' என்றுதான் இருக்கிறது.

ஆலமரத்தடி: அது 3 மாதக் கெடுவுக்கு! கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மணக்காவிட்டால் அறிவிப்பு காலாவதி. 30 நாள் மட்டும் ஒட்டிய நாளிலிருந்து. போன மாதம் பட்டா விவாதத்திலும் இப்படித்தான் பாதி வரியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டீர்கள்.

வழக்காடி: பட்டா விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அதை இன்னும் மறக்கவில்லையா?

கடலோரம்: ஒட்டினால் நம் முகவரியை ஊரே படிக்கிறதே, அதை ஒருவரும் பேசவில்லையே? நிரந்தர ஊர் வேறு மாவட்டம் என்றால் நகல் அங்கேயும் போய்ப் பலகையில் ஏறும். வீட்டுக்குத் தெரியாமல் மணக்கிற பெண்ணின் நிலைமை? ஒட்டுவது ஜோடியின் விருப்பம் என்று 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது.

ஆலமரத்தடி: அது அலகாபாத். நம் அலுவலகத்தில் அதைக் காட்டினால் கேட்பார்களா? முதலில் நாளைச் சரியாக எண்ணுங்கள். கொடுப்பதற்கு முன்பே இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். புதிதாகக் குடிவந்தவருக்கு 60 நாளைத் தாண்டிவிடும்.

செல்லக்கிளி78: அறுபதா! பயமுறுத்துவதே உங்களுக்கு வேலை. என் சான்றிதழில் இருப்பது ஒரே தேதி.

மீனாள்: உங்களுடையது வேறு சட்டம் என்று அப்போதே சொன்னேனே.

வழக்காடி: கொடுத்த நாள்தான் கணக்கு. நாளைக்கு அலுவலகத்திலேயே கேட்டு எழுதுகிறேன்.

ஆலமரத்தடி: கேளுங்கள். கேட்கும்போது அறிவிப்பு எந்தத் தேதியில் பலகைக்கு வந்தது என்றும் கேளுங்கள். ஒட்டிய நாள், ஒட்டிய நாள், ஒட்டிய நாள்.